புளி போட்டு மினுக்கிய சன்னங்கள்

மாதா காவல்

டுசல்டோர்ஃப்
14.08.2006

என் ராசாத்தி லவினியாவுக்கு,

அப்பம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அது உன் அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்துக்கு, நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் போதும். விளங்காத இடத்தை இரண்டு தரம் வாசி.

முந்தாநாள் கெவெலார் மாதா கோயிலுக்குப் போய் வந்தோம். நல்ல சனம். உனக்காக ஒரு பெரிய மெழுகுதிரி கொளுத்தினேன். பாட்டுக்குழுச் சாந்தா வந்து, "லவினியா இன்னும் துவக்கோடதான் திரியிறாளோ? என்ர மகள் டொக்டருக்கு எடுபட்டிட்டாள்" என்றாள். "டொக்டர்மார் இந்த நாட்டில தெருவுக்குத் தெரு இருக்கினம். முந்நூறு மீற்றருக்கு அங்கால நிக்கிற கடதாசியின்ர நடுவில சுடுற தமிழ்ப் பிள்ளை ஒண்டைக் காட்டு பாப்பம்" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள். மாதாவின் வாசலில் நின்று பெருமை பேசியது சரியில்லைதான். வாயில் வந்துவிட்டது.

இனி உன் துவக்குக் குண்டுகளின், அந்தச் சன்னங்களின் கதைக்கு வருகிறேன். உன் பயிற்சியாளர் ஹெர் புறூக்மனுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்துவிட்டது. தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறதாம், கிட்ட இருப்பது மங்கலாம். புதுக் கண்ணாடி அடுத்த கிழமைதான் வரும். அது வந்த பிறகுதான் கோதில் வெடிமருந்து அடைத்து உன் போட்டி ரவைகளைச் செய்வாராம். அதற்குமுன் சன்னங்களைப் பார்த்துப் பழுதானவற்றைக் கழித்து வைக்கச் சொல்லிப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பயப்படாதே, கோதும் மருந்தும் அவரிடம் பூட்டில்தான் இருக்கின்றன.

முன்பு அப்பா வேலைக்குப் போன நேரங்களில் நீ என்னைப் பக்கத்தில் இருத்திக் காட்டித் தந்தபடியே செய்தேன். மேசை விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, பூதக்கண்ணாடியால் முதலில் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். முனையில் சின்னக் கீறல் என்றால் மன்னிக்கலாம், அடி விளிம்பு உடைந்திருந்தால் மன்னிக்கக் கூடாது, அது துவக்கை விட்டு வெளியேறும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. செப்புத் தோலில் வெடிப்பு இருந்தவை ஒரு கோப்பையில். கண்ணாடித் துண்டில் உருட்டும்போது ஆடுகிறவை இன்னொரு கோப்பையில்.

அதுவரைக்கும் சரிதான். ஆனால் நல்லதென்று எடுத்து வைத்தவற்றில் பாதி, கைபட்ட பித்தளை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. உன் போட்டிக்கு அப்படியா கொடுத்து விடுவது? பெருநாளுக்கு மெழுகுதிரித் தண்டு மினுக்குவது போலப் பழப்புளியும் சட்டி தேய்க்கிற தூளும் போட்டுத் தேய்த்துவிட்டேன். பொன் மாதிரி வந்தன. வெள்ளைத் துணியில் பரப்பிக் காய வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா வின்சன்ற் வந்துவிட்டான். தொழிற்சாலையில் மெசின் பழுதென்று வேளைக்கே அனுப்பிவிட்டார்களாம். குசினி வாசலில் அப்படியே நின்றான். ஈஸ்டருக்கு உன்னோடு சண்டை பிடித்து, துவக்குத் தூக்குகிறவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று சொன்னவன். நீ மூன்சன் நகரத்துக்குப் போன பிறகு உன் பெயரை ஒருதரம்கூட எடுக்காதவன். அதோடு ஊரில் மறுபடி சண்டை தொடங்கி, ஊருக்குப் போகிற பாதையையும் பூட்டிவிட்டார்கள். வேலையால் வந்தால் செய்திக்கு முன்னால்தான் இருக்கிறான். எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் கொட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

அவன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு, "அண்டைக்கு டொக்டர் எடுத்துத் தந்தது நசிஞ்சு போயிருந்ததம்மா. முழுசா இருக்கேக்க இப்பிடித்தானோ?" என்றான்.

பென்ஜமின் சித்தப்பாவைச் சொன்னான், பிள்ளை. சூடு பட்ட தம்பியைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது உன் அப்பாதான். உனக்கு அவன் சொல்லியிருக்க மாட்டான். என்னிடமும் இவ்வளவு காலத்தில் இதுதான் முதல் வார்த்தை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் விரலை மணந்து பார்த்துவிட்டு, "இதென்ன புளி மணக்குது?" என்று கேட்டான். சொன்னேன். சிரித்தான், லவினியா. "சன்னத்துக்குப் புளி போட்ட ஆள் உலகத்தில நீங்கள் ஒராள்தானம்மா. ரசம் வைக்கப் போறியளோ?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிறகு தன் வேலைப் பெட்டியில் இருந்து அளவு பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து, மினுக்கினதையும் மினுக்காததையும் மாறி மாறி வைத்துப் பார்த்தான். "கீறிப் போட்டியள். ஒண்டு ஒரு மாதிரி, மற்றது ஒரு மாதிரி. இதுகளோட அவள் எப்படிச் சுடுறது?" என்றான்.

அவள் என்றான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தவை உனக்குக் காணாது. வேறு நம்பர்ப் பெட்டியில் இருந்து கலக்கவும் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். பிள்ளையின் போட்டியை நானே கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். அவன் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பர்ச் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, "வாங்கோ, போவம்" என்றான். எனக்கு மொழி அரைகுறை, அவனுக்கு நீ சுடப் பழகின கிளப்பின் வாசல் தெரியாது. இரண்டு பேருமாகப் போனோம்.

உள்ளே யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் தோள் குலுங்கினது. வாசல் படலையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான், ஆனால் திரும்பிப் போகவில்லை. நான்தான் உள்ளே போய் ஹெர் புறூக்மனைக் கூட்டிவந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே நம்பர்ப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது, மாதா புண்ணியம்.

வீட்டுக்கு வந்து அப்பாவே விளக்கடியில் இருந்துவிட்டான். என்னைவிடப் பொல்லாதவன். நான் நல்லதென்று வைத்தவற்றையும், "இதின்ர அடி சரியில்லை, விடுங்கோ" என்று தூக்கிப் போட்டான். இப்போது உனக்கு வரப்போகிற ஒவ்வொன்றும் அவன் கையால் உருட்டிப் பார்த்தது. மேலே மினுக்கம் இருக்காது.

உன் அம்மா பருத்தித்துறை வடை சுட்டு வைத்திருக்கிறாள். நாங்கள் கொண்டு வருவோம். ஓம், நாங்கள்தான். போட்டியன்று அப்பா லீவு கேட்டிருக்கிறான். ஏனென்று கேட்டால், அம்மாவுக்கு மூன்சன் காட்டப் போகிறேன் என்கிறான். இந்த முழங்காலோடு நான் என்னத்தைப் பார்க்க?

ஒன்று மட்டும் கேட்கிறேன், என் செல்லம். நானும் அம்மாவும் உள்ளே வந்து இருப்போம். அவனுக்கு ஏலாது. கண்ணாடிகளை எல்லாம் மேலே ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேதான் இருப்பான். ஏன் உள்ளே வரவில்லை என்று கேளாதே. சுட்டு முடிந்ததும் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேரே காரடிக்குப் போ. கண்ணாடியில் தட்டு. மெதுவாகத் தட்டு, பிள்ளை, அவன் திடுக்கிடுவான்.

உன் கை ஆடாமல் மாதா பிடித்திருப்பா.

உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கிற
அப்பம்மா சிசிலி