வெளிவட்டத்தில் இருந்த ஒன்று

குவாங்ஜு,
20 ஏப்ரல் 1994

அன்புள்ள கும்-நே,

உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்கும். இடுப்பு வலி தேவலையா? நம் தோங்-சுவுக்கு மே கடைசி ஞாயிறு கல்யாணம். இரண்டு பக்கத்து அம்மாக்களும் மேடையேறி மெழுகுவத்தி ஏற்றிய பிறகுதானே சடங்கு தொடங்கும்? பையன் பக்கத்து நீல மெழுகுவத்தியை நீதான் ஏற்ற வேண்டும்.

மறுப்பாய். அதனால் ஓர் உதாரணம் சொல்கிறேன், வகுப்பில் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. சோடியம் அணுவின் வெளிவட்டத்தில் ஒரே ஓர் எலக்ட்ரான். குளோரினின் வெளிவட்டத்தில் ஏழு; எட்டானால்தான் அதற்கு நிம்மதி. சோடியம் தன் ஒன்றைக் கொடுக்கிறது. இரண்டும் உப்பாகின்றன. பிள்ளையில்லாத என் வீட்டுக்கு நீ பெற்ற மூன்று வயதுத் தோங்-சுவைத் தந்தாயே, அது போல. நீ சோடியம், நான் குளோரின். வருவாய்தானே?

உன் மூத்த ஓரகத்தி,
இன்-சுக்

தோச்சோ தீவு,
30 ஏப்ரல்

அக்காவுக்கு,

கடிதத்தைப் படகுத்துறையிலேயே வாய்விட்டுப் படித்தேன். "என்னடி, பள்ளிக்கூடத்தை விட்டும் உன் ஓரகத்தி பாடம் எடுக்கிறத விடலையா?" என்று மீன்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை எனக்கு உபரியா, அக்கா?

அவனை நீங்கள் கூட்டிப்போன அன்று, படகில் உங்கள் மடியிலிருந்து, "அம்மா, நீ வரலையா?" என்று கேட்டான். "உப்பு வரப்போகுதுடா. அள்ளிட்டு வரேன்" என்றேன். இங்கே உப்பு விளைகிறது என்று யாரும் சொல்வதில்லை, வருகிறது என்போம். இருபத்தைந்து வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் அந்தப் படகில் ஏறவேயில்லை.

மெழுகுவத்தியை நீங்களே ஏற்றுங்கள். அவன் அம்மா என்பது உங்களைத்தான்.

கும்-நே

குவாங்ஜு,
9 மே

என் கும்-நே,

உதாரணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியையும் கேள்.

அந்த ஓர் எலக்ட்ரான் உபரி இல்லை. அணுவின் நடுவே இருக்கும் கரு அதையும் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. பிய்த்தால்தான் வரும். வந்த பின் சோடியம் பழைய சோடியம் இல்லை; இழந்தது நேர்மின்னாக அதன்மேல் நிற்கிறது. பெற்றதன்மேல் எதிர்மின். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இழுப்புதான் உப்பு.

தண்ணீர் பட்டாலே சீறும் உலோகத்தையும் மூச்சை அடைக்கும் வாயுவையும் ஒரு ஜாடிக்குள் சேர்ப்பேன். மஞ்சளாகத் தீ எழும். அணைந்ததும் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது, நாம் கஞ்சியில் போடுவது! ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு முன்னால் எனக்குத்தான் சிலிர்க்கும்.

கடலில் தண்ணீர் அவற்றைச் சூழ்ந்து தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஆனாலும் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கிறது, இழுப்பு அழிவதில்லை. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டதும் சேர்ந்துவிடுகின்றன. இத்தனை காலம் பாடம் சொன்ன எனக்கு, 'வருகிறது' என்ற உங்கள் தீவுச் சொல்லைப் படித்த பிறகுதான் இது உறைத்தது.

உன் கடிதத்தைத் தோங்-சு படித்தான். மடித்து உறையில் வைத்தான். பிறகு, "சித்தி ஏறாத படகுல நான் ஏறுறேம்மா" என்றான். சனிக்கிழமை வருகிறான்.

இன்-சுக்

தோச்சோ தீவு,
16 மே

அக்கா,

வந்தான். சட்டையைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினான். உப்பு வாரும் மரப்பலகையைத் தலைகீழாகப் பிடித்தான். "வாத்தியாரம்மா வளர்த்த பிள்ளைன்னு நல்லாத் தெரியுது" என்றேன். "உப்பு எப்ப வரும், சித்தி?" என்றான். "அது வரும்போது வரும்டா."

மதியத்துக்குப் பிறகு வந்தது. பைன் மரத்து மகரந்தம் விழுந்து தண்ணீரே மஞ்சளாகக் கிடந்தது. அதன்மேல் உப்பு குட்டிக் குட்டிப் பூவாக மிதந்து, கனத்து, மூழ்கியது. குந்தி உட்கார்ந்து பார்த்தான். "சத்தமே இல்லையே" என்றான், கோயிலில் பேசுவதுபோல. பிறந்ததிலிருந்து பார்க்கும் நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாரிக் குவித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். "அள்ளி முடிச்சாச்சுல்ல? இப்ப வரலாம்ல?"

வருகிறேன், அக்கா. படகிலிருந்து இறங்கும்போது நீங்கள் துறையில் நிற்க வேண்டும். மேடைக்கும் நீங்கள் என்னோடு ஏற வேண்டும். தீக்குச்சியை என்னோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கும்-நே