சிவப்பு மையில் ஒரு 'ப்'

அனுப்புநர்:
அணிப் பட்டியலில் ஆறாம் எண்ணாகக் காட்டப்பட்டுள்ள ஆட்டக்காரரின் கணவர்,
மெய்ப்புத் திருத்துநர் (பதினேழு ஆண்டு அனுபவம்),
அச்சகத்தின் மாடி அறை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
விளையாட்டுத் துறை.

பொருள்: சர்வதேச பூல் போட்டிக்கான மகளிர் அணித் தேர்வு – மூன்றாம் இடம் பெற்றவரை 'இருப்பு' ஆக்கியது – அதனால் ரசிகர்கள் அவரை ஏசுவது – பட்டியலைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. கூட்டமைப்பின் தேர்வுக் குழு அனுப்பிய உறுதிப் படிவம் (ஒற்றுப் பிழையுடன்).
2. அதே படிவம் (ஒற்றுப் பிழை நீக்கி, கையொப்பத்துடன்).
3. கூட்டமைப்பின் அறிவிப்பு.
4. ரசிகர் பக்கத்தின் நகல்கள், 31 தாள்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் தங்களுக்கு எழுதும் மூன்றாவது மனு. முதல் மனுவுக்கு வந்த பதிலைக் கீழே முதல் பத்தியில் காண்க. இரண்டாவது மனுவுக்கு, முதல் மனு பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. ஆகவே இதைத் தபாலில் சேர்க்காமல் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

1. இங்கே குறிப்பிடப்படும் பூலில் தண்ணீர் கிடையாது. நீலத் துணி விரித்த மேசை, ஆறு குழிகள், ஒரு குச்சி, பந்துகள், அவ்வளவுதான். பொருள் வரியோடு நிறுத்திக்கொண்ட தங்கள் அலுவலகம் முதல் மனுவை நீச்சல் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. 'தங்கள் மனைவி எந்தப் பாணியில் நீந்துபவர்?' என்று கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. அவர் ஆடுவது ஒன்பது பந்து ஆட்டம். வெள்ளைப் பந்தைக் குச்சியால் இடித்து, மேசையில் உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணுள்ள பந்தை முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் எண் பந்தைக் குழியில் தள்ளுபவர் அந்த ஆட்டத்தை வென்றவர் ஆவார்.

2. என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பகல் முழுவதும் பிறருடைய பார்வையைச் சரிசெய்பவர். தினமும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, ஆட்டக்கூடம் திறக்கும் முன்பே, உரிமையாளர் நம்பிக் கொடுத்த சாவியால் திறந்து தனியாகப் பயிற்சி செய்கிறார். பதினோரு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். அணிக்கு ஐவர், அவர்களோடு மாற்றாக ஒருவர் என்பது விதி. தகுதிச் சுற்றில் இருபத்து நான்கு பெண்கள் ஆடினர். என் மனைவிக்கு மூன்றாம் இடம். கடைசி ஆட்டத்தில் எட்டுக்கு எட்டு என்று நின்றபோது, வெள்ளைப் பந்து மேசையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, ஒன்பதாம் பந்தை மேசையின் மறுகோடிக் குழியில் போட்டார். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

3. பதினோரு நாள் கழித்துத் தேர்வுக் குழுவிடமிருந்து படிவம் வந்தது. அதன் வாசகத்தை எழுத்து மாறாமல் தருகிறேன்: 'அணியில் தங்கள் இருப்பை உறுதி படுத்தி, கீழே ஒப்பமிட்டு அனுப்பவும்.'

4. அன்று காலை நான் ஒரு பாடநூலின் மெய்ப்பைச் சமையலறை மேசையில் விரித்து வைத்திருந்தேன். என் மனைவி சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே படிவத்தை என் முன்னால் வைத்தார். "என்னங்க, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நீங்க சரின்னு சொன்னா கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பும் அவர் இப்படித்தான் கேட்பார். வீட்டு வாடகை ஒப்பந்தம் முதல் குளிர்பெட்டியின் உத்தரவாதச் சீட்டு வரை எல்லாவற்றையும் நான்தான் படித்திருக்கிறேன். இதையும் இரண்டு முறை படித்தேன். 'உறுதிப்படுத்தி' என்பதில் 'ப்' விட்டுப்போயிருந்தது. கையில் இருந்த சிவப்புப் பேனாவால் அதைச் சேர்த்தேன். "ஒரு ஒற்று விட்டிருக்காங்க, மத்தபடி எல்லாம் சரி" என்றேன். என் வார்த்தையை நம்பி அவர் கையெழுத்திட்டார்.

5. இருப்பு என்றால் இருத்தல் என்று நான் எடுத்துக்கொண்டேன். அணியில் இருக்கிறீர்களா, ஆம், இருக்கிறேன் என்று பொருள் கொண்டேன். தமிழ் தெரிந்த யாராயினும் அப்படித்தான் கொள்வார்கள். ஆனால் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தில், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஆறாவது ஆட்டக்காரருக்கு 'இருப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கிடங்கில் அடுக்கிய மூட்டைக்குச் சொல்லும் சொல்லை ஓர் ஆட்டக்காரருக்குச் சொல்லலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அந்தப் புத்தகத்தை யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். 'குச்சி' என்பதையே மூன்று விதமாக அச்சிட்டிருக்கிறார்கள்.

6. இரண்டு வாரம் கழித்து அறிவிப்பு வந்தது. அதில் ஐவர் பட்டியலில் என் மனைவியின் பெயர் இல்லை. ஆறாம் இடம் பெற்ற பெண்ணின் பெயர் இருந்தது. கீழே, 'தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பெற்றவர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் இருப்பாகத் தொடர்கிறார்' என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குப் போனேன். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் நல்ல மனிதர். இரண்டு படிவங்களையும் எடுத்துக் காட்டினார். ஆட்டக்காரருக்கு 'இடத்தை' என்றும் மாற்று ஆளுக்கு 'இருப்பை' என்றும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். "மேல பேரை எழுதறப்ப மாத்தி எழுதிட்டேன் போல சார். தப்புதான். ஆனா கையெழுத்து உங்க வீட்டம்மாதுதானே?" என்றார். தப்பை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

7. அடுத்து செயலாளரைப் பார்த்தேன். அவர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து, என் சிவப்பு 'ப்'பை விரலால் தட்டிக் காட்டினார். "ஒரு புள்ளி வச்ச எழுத்து இல்லைங்கறதையே கண்டுபிடிச்சுத் திருத்தி அனுப்பியிருக்கீங்க. அப்புறம் புரியாம கையெழுத்துப் போட்டோம்னு சொன்னா யாரு சார் நம்புவா?" என்றார். ஐயா, பதினேழு ஆண்டில் நான் திருத்திய பிழைகளை அடுக்கினால் ஒரு லாரி கொள்ளாது. அத்தனையிலும் இந்த ஒரு 'ப்'தான் என் வீட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. என் மைத்துனர் இப்போதெல்லாம் என்னைப் பார்க்கும்போது "வாங்க, ஒற்றர் மச்சான்" என்கிறார்.

8. இனி ரசிகர்களைப் பற்றி. ஒன்பது பந்து ஆட்டத்துக்கு இவ்வளவு ரசிகர்கள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். தகுதிச் சுற்றில் கூடத்திலிருந்த எழுபது நாற்காலியில் ஐம்பது காலி. அறிவிப்பு வந்த அன்று மாலைக்குள் ரசிகர் பக்கத்தில் நாலாயிரம் பேர் நியாயம் பேசினார்கள். 'பந்து குழில விழறதுக்கு முன்னாடி அக்கா பெஞ்சுல விழுந்துட்டாங்க' என்று ஒருவர். 'வெளிநாட்டுக்காரங்களைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு' என்று ஒருவர். 'குச்சிக்கு சாக் போடச் சொன்னா, சாக்கு சொல்றாங்க' என்று ஒருவர். கடைசியாகச் சொன்னது (சாக் என்பது குச்சி நுனியில் தேய்க்கும் சுண்ணக்கட்டி) நன்றாகவே இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். ஒன்பதாம் பந்து குழியில் விழுந்த காணொளியை யாராவது போட்டார்களா என்றால் இல்லை. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் படத்தைப் போட்டு, 'இவங்களோட நிரந்தர இடம்' என்று எழுதினார்கள். கடையில் மூக்குக்கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர், என் மனைவி முகத்துக்கு நேராக, "நீங்கதானே பயந்து ஒதுங்கினவங்க?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு லென்ஸைச் சரியாகத் தேய்த்துத்தான் கொடுத்தார் என் மனைவி. நானாக இருந்தால் கொஞ்சம் கோணலாகக் கொடுத்திருப்பேன்.

9. இந்த இடத்தில் என் பங்குக்கு நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒருவர், 'இது கோளைத்தனம்' என்று எழுதியிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. சிறப்பு ழகரம் போட வேண்டும், 'கோழைத்தனம்' என்பதே சரி என்று கீழே எழுதிவிட்டேன். 'அப்போ கோழைத்தனம்தான்னு ஒத்துக்கிறீங்களாண்ணே?' என்று பதில் வந்தது. அதை எண்ணூறு பேர் விரும்பினார்கள். ஐயா, எழுத்துப் பிழை என் கண்ணில் முள். அதற்கு மேலே உள்ள எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதை இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை கற்றுக்கொண்டுவிட்டேன்.

10. ஆறாம் இடம் பெற்ற பெண்ணையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் நாள் காற்று அந்தப் பக்கம் திரும்பியது. சிபாரிசில் வந்தவள், யாருக்கு யார் வேண்டியவர் என்று விசாரணை நடத்தினார்கள். சுருட்டை முடி உள்ளதால் 'சுருட்டை' என்றே எல்லாரும் கூப்பிடும் அந்தப் பெண், என் மனைவிக்குத் தொலைபேசியில் பேசி அழுதார். "அக்கா, நீங்களே வேணாம்னு சொல்லிட்டதா சொல்லித்தான் எனக்குச் சந்தோஷமா வாழ்த்துச் சொன்னாங்க. நான் கேட்டு வாங்கலக்கா" என்றார். என் மனைவி, "உன்மேல என்னடி தப்பு? எவனாவது பேசினா போனை அணைச்சுட்டுப் போய் ஆடு" என்றார். அதன் பிறகு அரை மணி நேரம் அந்தப் பெண்ணின் பிரேக் அடியில், அதாவது பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியில், உள்ள குறையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் தலை சுற்றியது.

11. அணிப் பட்டியல் வரும் இருபத்திரண்டாம் தேதி சர்வதேச அமைப்புக்குப் போகிறது. போனபின் மாற்ற முடியாது. போட்டி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. என் மனைவிக்கு இப்போது வயது முப்பத்தேழு. போன ஆண்டிலிருந்து அவரே தேய்த்த கண்ணாடியை அணிந்துதான் ஆடுகிறார். இதுவே அவருக்கு (இங்கு ஒரு சொல் அடிக்கப்பட்டுள்ளது) வாய்ப்பு. அவர் ஆடித் தோற்றால் அது அவர் கை. என் கையால் அவர் ஆடாமல் போவதை என்னால் தாங்க முடியாது.

12. ஆகவே, படிவத்தில் பெயர் மாறி எழுதப்பட்டது என்பதை எழுத்தரிடம் கேட்டு உறுதி செய்து, தகுதிச் சுற்றின் வரிசைப்படியே பட்டியலைத் திருத்துமாறு கூட்டமைப்புக்கு உத்தரவிட வேண்டும். வாழ்த்துச் சொல்லி வரவழைத்த பெண்ணை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது எனத் தாங்கள் தயங்கினால், இருவரும் ஒன்பது ஆட்டம் வெல்பவருக்கே இடம் என்று ஒரு மேசையில் ஆடித் தீர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாம் இடம் பெற்றவர் மறுபடி எதற்கு ஆட வேண்டும் என்று நான் கத்தினேன். என் பேச்சு எடுபடவில்லை. எந்த நாள், எந்தக் கூடம் என்று தாங்கள் சொன்னால் போதும். 'சொந்த விருப்பத்தின்பேரில்' என்ற வரியை, அது வந்த அதே இடத்தில், அதே எழுத்து அளவில் திரும்பப் பெற வேண்டும். 'இருப்பு' என்ற சொல்லை விதிப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு 'மாற்று ஆட்டக்காரர்' என்று போடச் சொல்ல வேண்டும். புத்தகம் முழுவதையும் நான் கூலி வாங்காமல் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். பொருளையும் சேர்த்துப் பார்ப்பேன்.

இருபத்திரண்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. தங்கள் பதிலுக்காக அலுவலகத்திலேயே காத்திருக்கிறேன். தயவுசெய்து நீச்சல் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

இடம்: தங்கள் அலுவலகத்தின் காத்திருப்போர் அறை
நாள்: 16ஆம் தேதி, புதன்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

(ஒப்பம்)
மனுவில் கண்ட ஆட்டக்காரர்

அடித்தல் திருத்தல் விவரம்: பாதிக்கப்பட்டவரின் கையொப்பமும் வேண்டும் என்பதால் நேற்று மதியம் இம்மனுவை என் மனைவியின் கடைக்கு எடுத்துச் சென்றேன். படிவம் வந்த நாளுக்குப் பிறகு அவர் எந்தத் தாளையும் என்னிடம் படிக்கத் தருவதில்லை. இதையும், சரியா என்று என்னைக் கேட்காமல், சாப்பாட்டு இடைவேளை முழுவதும் தாமே உட்கார்ந்து படித்தார். பதினோராம் பத்தியில், 'இதுவே அவருக்கு' என்பதற்கு அடுத்து நான் எழுதியிருந்த 'கடைசி' என்ற சொல்லை, என் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அடித்தார். அடித்தலுக்குப் பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம் உள்ளது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். "வேணாம், அடிச்சது நல்லாத் தெரியட்டும்" என்றார். வேறு அடித்தல் திருத்தல் இல்லை.