வாசல் நிலையில் தடவிய எண்ணெய்

சின்னவளின் அப்பாவுக்கு,

சாப்பாடு அடுப்படி மேடையில் மூடியிருக்கிறது. சுடவைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவளை நானே பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். "ஒரு நாள் ஜெபக்கூட்டத்தை விட்டுட்டு அவளைக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டதற்குத்தானே நேற்றுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "என் வீட்டுக்காரி மூலமா சத்துரு என்னைத் தாக்குறான், ஜெபிச்சுக்குங்க" என்றீர்கள்? கடைசி வரிசையில் நானும்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்த டெய்லர் அக்கா சத்தமாக ஆமென் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

காலையில் உங்கள் வேதப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். சாத்தானோடு போராட அணியச் சொல்கிற தலைச்சீரா, கேடகம், பட்டயம் எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. நம் போராட்டம் மனுஷரோடு இல்லை என்று அதற்கு மேலேயே இருக்கிறது. அங்கே கோடு இல்லை. முந்தின பக்கத்தில், புருஷன் மனைவியை எப்படி நேசிக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பக்கம் கை படாமல் புதுசாகவே இருக்கிறது. அதைக் கிழித்து உங்கள் தட்டில் வைக்கலாமென்று எனக்கும் சோதனை வந்தது. கிழிக்கவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்காக ஜெபிக்க ஊழியக்காரர் வருவார். டீத்தூள் நீல டப்பாவில்.

பி.கு.: கால் ஆடுகிற நாற்காலியை அவருக்குப் போடாதீர்கள். விழுந்தால் அதையும் என் தலையில் கட்டிவிடுவீர்கள்.

இன்னொன்று: வாசல் நிலையில் நீங்கள் தடவிய ஜெப எண்ணெயைத் துடைக்கவில்லை. வெளியிலிருந்து வருவதை அது தடுக்கட்டும். நேற்று நீங்கள் பேசியது இந்த வீட்டுக்குள்ளிருந்துதான் போனது.