லிபார்தோவுக்கு ஒரு சொல்

கராகஸ், 16 ஜனவரி 1983

அன்புள்ள எடெல்மிராவுக்கு,

என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய் என்பதற்காக உன்னை அண்ணி என்று எழுதக் கை வரவில்லை. தையல் கம்பெனியில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து என்னோடு சொல் கட்டிய கழுதைதான் நீ எனக்கு. இங்கே நான் வேலை பார்க்கும் வீட்டு எஜமானி தினமும் கரண்டிகளை எண்ணுகிறாள். அவளுக்கு 'மொக்கோலீனா' என்று பெயர் வைத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே சந்தேகப்படுகிறவள் என்று அர்த்தம். உனக்குச் சம்மதமா?

அண்ணன் லிபார்தோ ஏன் இரண்டு கடிதமாகக் கையெழுத்துக்கூடப் போடவில்லை? பஸ் ஓட்டுகிறவனுக்கு அவ்வளவு கொழுப்பா? கெட்ட செய்தி என்றால் நம் சட்டப்படி எழுது. முதலில் சொல்லைக் கட்டு, சிரிக்க வை, அப்புறம் விஷயத்தைச் சொல். கல்யாணத்தன்று எஃப்ராயின் என்னை விட்டு ஓடியபோது 'பிலிம்பாசோ' என்றாயே, கல்யாணச் சட்டையோடு பஸ் ஏறுகிறவன் என்று. சிரித்துவிட்டுத்தான் அழுதேன். இல்லாவிட்டால் அன்று செத்திருப்பேன்.

உன் ஒசிரிஸ்

*

பாரன்கியா, 20 பிப்ரவரி

அன்பு ஒசிரிஸ்,

மொக்கோலீனா என்ற சொல் பாஸ். கார்னிவல் முடிந்தது. லிபார்தோ ஆடவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து தாளம் போட்டான். காலில் கொஞ்சம் வீக்கம். "ஆடுனேன்னே எழுது, அவ நம்புவா" என்கிறான். அந்த வீக்கத்துக்கு ஒரு சொல் தேடுகிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன்.

உன் எடெல்மிரா

*

கராகஸ், 10 மார்ச்

என் எடெல்மிரா,

கால் வீக்கத்துக்கு இவ்வளவு தேடலா? 'பூஞ்சாலோ' என்று வைத்துக்கொள், ஆடாமலே வீங்கிய கால் என்று அர்த்தம், தீர்ந்தது. புனித வாரத்துக்கு எஜமானி நாலு நாள் விடுமுறை தருகிறாள். வரட்டுமா? வா என்று ஒரு வரி போடு, வந்துவிடுகிறேன். மனசு என்னவோ சரியில்லை.

ஒசிரிஸ்

*

பாரன்கியா, 9 ஏப்ரல்

ஒசிரிஸ்,

சொல் கிடைக்கவில்லை.

புனித வாரத்தில், பெரிய வியாழன் மத்தியானம் லிபார்தோ போய்விட்டான். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டதென்று டிசம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தேடுகிறேன். சாயங்காலமானால் அவனும் ஒன்று சொல்வான். "டுருகாமாச்சோ, எப்டி? பஸ்ஸ நடுவழில விட்டுட்டு எறங்கிப் போற டிரைவர்." சிரிப்போம். உடனே அவனே, "வேணாம், இதுக்கு அழுதுருவா. வேற தேடு" என்பான்.

உன் மார்ச் கடிதம் வந்தபோது அவனுக்குப் பேச்சு இருந்தது. "வரச் சொல்லு அவள" என்றான். எழுத உட்கார்ந்தேன். ஏன் வர வேண்டும் என்பதையும் எழுத வேண்டுமே. சொல் இல்லாமல் எழுதினால் வழியெல்லாம் தனியாக அழுதுகொண்டு வருவாயே என்று ஒரு நாள் பொறுத்தேன். அப்படியே ஒன்பது நாள் ஓடிவிட்டது. அப்புறம் தந்தி ஆபீஸிலும் போய் நின்றேன். படிவத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டேன்.

எடெல்மிரா

*

கராகஸ், 21 ஏப்ரல்

எடெல்மிரா அண்ணி அவர்களுக்கு,

அண்ணன் இறந்த செய்தி கிடைத்தது. அந்தச் சட்டம் ஓடிப்போன ஒரு மாப்பிள்ளைக்காக விளையாட்டாய்ப் போட்டது. என் அண்ணனுக்காகப் போட்டதல்ல. புனித வாரம் முழுக்க, உங்கள் கடிதம் வருமென்று பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'வா' என்ற சொல்லை யாரும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஒசிரிஸ் மார்த்தீனெஸ்

*

பாரன்கியா, 3 ஆகஸ்ட்

ஒசிரிஸ்,

முந்தைய இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. இதுவும் வரும் என்று தெரியும்.

கம்பெனியில் பெண்கள் சூப்பர்வைசரை மொக்கோலீனா என்று கூப்பிடுகிறார்கள். நான்தான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டேன். என் பக்கத்தில் உன் மெஷினில் இப்போது யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். லிபார்தோவின் தொப்பி ஆணியிலேயே தொங்குகிறது.

மன்னிப்புக் கேட்டு இரண்டு தரம் எழுதினேன். அதை விட்டுவிடு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இந்த வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை எதையும் தேடவில்லை.

வா.

எடெல்மிரா