ஒன்றோடு நிறுத்திய விமானம்

12 ஜூலை 1958, சனி

இன்று குற்றாலத்தில் என்னைப் பெண் பார்த்தார்கள். இரண்டு வீட்டாரும் அருவிக்குக் குளிக்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்தது போல ஏற்பாடு. பிடிக்காவிட்டாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

மாப்பிள்ளை விமானப்படையில் மெக்கானிக். சாரலுக்கு ஒதுங்கி நின்றபோது, நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் படித்த அமெரிக்க ஜெட் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். ஒன்றே ஒன்று செய்து, அதோடு நிறுத்திவிட்டார்களாம்.

"அதுவா? அது பறக்கவே இல்லயே" என்றார் சிரித்துக்கொண்டே.

"பறந்துச்சு. நல்லாவே பறந்துச்சு. அதைவிட வேகமா இன்னொண்ணு வந்ததால இத வேண்டாம்னுட்டாங்க."

அவருடைய அம்மா ஈரத் துண்டை உதறினார். "எம் பிள்ளைக்கே பாடம் எடுக்கா பாரேன்!"

சாயங்காலம் தரகர் வந்தார். ஜாதகத்தை மறுபடி பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஆமான்னு தலைய ஆட்டிட்டுப் போனா என்ன? எவனோ செஞ்ச பிளேனு. அது பறந்தா ஒனக்கென்ன, பறக்காட்டா ஒனக்கென்ன?"

மாப்பிள்ளை சொன்னது தப்புதான். ஆனால் அந்த விமானத்தின் பெயரைச் சொன்னதும் "அதுவா?" என்று கேட்க, எனக்கு இதுவரை வேறு யாரும் கிடைத்ததில்லை.