வலையில் கலையாத மடிப்பு

என்னங்க,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். லாயத்துச் சாவி ஆணியில்.

நம் செவலைக் குதிரை தலையை உதறுவது திமிரில்லை. முகத்து நரம்பில் கோளாறு, வெயில் பட்டாலே சுரீரென்று வலிக்கும் என்று குதிரை டாக்டர் உங்கள் முன்னால்தானே சொன்னார்? மூக்கின் மேல் வலை கட்டிப் பார்க்கவும் சொன்னார். "கட்டினேன், ஒண்ணும் கேக்கல" என்றீர்கள். கட்டிய வலையில் மூச்சு ஈரமும் முடியும் ஒட்டியிருக்கும். இந்த வலையில் கடைக்காரர் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

செவலையை விலைக்கு வாங்க வருபவரை ஏன் வெயில் தாழ்ந்து வரச் சொன்னீர்கள்?

பி.கு.: அவருக்கு நானே போன் போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணி வெயிலுக்கு வருகிறார். அதற்குள் வலையைக் கட்டுங்கள். செவலை உதறாமல் நின்றால், அப்புறம் எதற்கு விற்க வேண்டும்?