தாலாட்டுக்குள் பேய்

வண்டிச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, கரண்டு பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள் தனப்பிரியா. பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுந்தியது.

“ஏனுங்க, நீங்க எந்திரிக்கறப்ப நான் ஜேடர்பாளையத்துல இருப்பேன். பேர் வைக்கற விசேசத்துக்குப் பண்ணின தாலாட்டுல பேய் அனத்துதுன்னு காலங்காத்தால குழந்தை வீட்டுக்காரங்க போன் பண்ணினாங்க. குழந்தை பேரை மட்டும் சேர்த்துப் பாடிட்டு, முழுசாக் கேக்காம நேத்து அனுப்பினது என் தப்புத்தான்.

உங்க குறும்படத்துப் பேய்க்கு என் ஹம்மிங்கை எடுத்துச் சுருதியை இறக்கினீங்க, சரி. தனியா ஒரு காப்பி வெச்சு இறக்கறதுக்கு என்னங்க? ரெண்டு கம்ப்யூட்டரும் நம்ம குரலெல்லாம் பதிஞ்சு வெச்சிருக்கற ஒரே சாம்பிள் லைப்ரரியில இருந்து எடுக்கற மாதிரி நெட்வொர்க் போட்டவரே நீங்கதான். அதுலயே செட்டிங்கை மாத்தி சேவ் பண்ணினா, அந்த ஹம்மிங் வர்ற என்ற பதினோரு பாட்டுலயும் நான் பேயாத்தானே அழுவேன்?”

உள்ளே சபரிநாதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கணவனை எழுப்பிச் சண்டை போட அவளுக்கு நேரமில்லை. விசேஷம் பத்து மணிக்கு. திருத்திய பாட்டை நேரில் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

“பழைய செட்டிங்கைக் கொண்டாந்துட்டேன். லைப்ரரிக்குப் பாஸ்வேர்டு போட்டாச்சு. கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அரிசிம்பருப்புச் சோறு குக்கர்ல இருக்குது. தயிர் இல்ல.”

சீட்டைக் கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“உங்க பேய் சீனைப் பார்த்தேன். உடம்பே சிலுத்துப்போச்சு. அதுதான் இன்னும் ஆத்திரமா வருது. ‘பேயின் குரல்: தனப்பிரியா’ன்னு படத்துல பேரு போடோணும். போட்டாத்தான் பாஸ்வேர்டு.”